கறுப்புக் குதிரை நம்ம ஊர் வழியாகத்தான் போனது

பத்மு தீவில் யோவான் என்றொருவர் தரிசனம் கண்டு எழுதி வைத்தார். அதுதான் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம். ஏழு தலை மிருகம், அதற்கு 666 என்றொரு எண், நான்கு குதிரைகள், எல்லாம் அதில் உண்டு. விலாசம் மட்டும் இல்லை. விலாசம் போட்டிருந்தால் பின்னால் வந்த உரைகாரர்களின் பிழைப்பு என்ன ஆகியிருக்கும்?

அந்த எண் நீரோ மன்னனைக் குறிக்கிறது என்று எபிரேய எழுத்துகளைக் கூட்டிக் காட்டும் அறிஞர்கள் பலர். அத்தோடு விட்டிருக்கலாம். லூதர் கட்சிக்காரர்கள் போப்பாண்டவரைப் பார்த்துக் கைநீட்டினார்கள். கத்தோலிக்கர்கள் லூதர் பெயரையே கூட்டி 666 வரவழைத்தார்கள். அப்புறம் நெப்போலியன். ஹிட்லர் வந்தபோது ஆங்கில எழுத்தில் ஏ-க்கு 100, பி-க்கு 101 என்று போட்டுப் பார்த்தார்கள், கனகச்சிதமாக 666. எதற்கு 100-இல் ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்கக்கூடாது. விடை மடியில் இருக்கும்போது கணக்கை எங்கே ஆரம்பித்தால் என்ன? வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்குப் போகிற பஸ்ஸில், ஆதார் அட்டைக்கும் கொரோனா ஊசிக்கும் இதே கூட்டலைப் போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

எண்ணிலிருந்து தேதிக்குத் தாவியவர்களும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியின் ஆட்கள் கிறிஸ்து திரும்பி வருவது 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்து விடிய விடியக் காத்திருந்தார்கள். விடிந்தது, அவ்வளவுதான்.

நாம் மட்டும் இளைத்தவர்களா? மலையாள தேசத்தில் குடியிருந்த தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் 1835-இல் பிறந்தவர் ராமய்யன். பாட்டும் சமஸ்கிருதமும் தெரிந்தவர். 1861-இல் ஞானஸ்நானம் பெற்று யுஸ்துஸ் யோசேப்பு ஆனார். ஊரார் வைத்த பெயர் வித்வான்குட்டி. 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் கிளம்பிய கிறிஸ்தவ எழுப்புதல் அலை 1873 வாக்கில் திருவிதாங்கூருக்குள் புகுந்தபோது அவர் அதில் முழுகினார். மிஷன் சபையோடு ஒட்டவில்லை, தனிச்சபை கண்டார். உலகத்துக்கு இன்னும் ஐந்தரை வருஷம்தான், 1881 அக்டோபரில் ஆண்டவர் வருகிறார் என்று அங்கே தீர்க்கதரிசனம் சொல்லப்பட்டது. பக்கத்து வீட்டார் சும்மா இருப்பார்களா? ‘அஞ்சரக்காரர்’ என்று பட்டம் கட்டினார்கள்.

அக்டோபர் வந்தது. நவம்பரும் வந்தது. ‘வந்துவிட்டார், ஆனால் ஆவியாக வந்தார்’ என்றார்கள். யுயோமயம் என்று புது மதமே பிறந்தது. மில்லர் ஆட்களில் ஒரு பிரிவாரும் இதையேதான் செய்தார்கள்: நாள் சரி, சம்பவம் பரலோகத்தில் நடந்துவிட்டது என்றார்கள். வக்கீல் வைத்தால்கூட இப்படி வாய்தா கிடைக்காது.

எனக்குச் சிரிப்பு நிற்கிற இடம் வேறு. அந்த ஐந்தரை வருஷத்துக்குள்தான் 1876-78 தாது வருஷப் பஞ்சம் மதுரையையும் சேர்த்துச் சென்னை மாகாணத்தையே தின்றது. யோவான் கண்ட மூன்றாவது குதிரை கறுப்பு. ஏறி வருகிறவன் கையில் தராசு. ஒரு நாள் கூலிக்கு ஒரு படி கோதுமை என்று விலை கூவுகிறது ஒரு குரல். நமக்கு வந்த குதிரைக்காரர் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. 1874-இல் பீகார் பஞ்சத்தில் அரிசி இறக்கி உயிர்களைக் காப்பாற்றி, காசை வாரி இறைத்தார் என்று திட்டு வாங்கியவர். அந்தச் சூட்டில், 1877-இல் இங்கே வந்து, பஞ்ச நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கான காசும் ஓரணாவும் போதும் என்று நிறுத்துக் கொடுத்தார். மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உழைக்கிறவனைக் கொல்லும் என்று எதிர்த்தார். அதே ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி, டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்து விருந்து வைத்துக்கொண்டிருந்தார். நான்காவது குதிரையில் ஏறிய மரணம் காலராவோடு பின்னாலேயே வந்தது. செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

மிருகத்தை ரோமிலும் துருக்கியிலும் தேடின கண்ணுக்கு, தராசு மட்டும் கஞ்சித்தொட்டி வாசலில் தட்டுப்படவில்லை போலும்.

வித்வான்குட்டி 1887-இல் இறந்தார். அவர் கட்டிய கீர்த்தனைகளைக் கேரள சபைகளில் இன்றும் பாடுகிறார்கள். உங்கள் தெருவில் யாராவது புதுத்தேதியோடு வந்தால் பைபிளைப் புரட்டிச் சண்டை போடாதீர்கள். அடுத்த மாசத்து ஏலச்சீட்டுத் தவணையை அவர் கட்டப்போகிறாரா என்று மட்டும் விசாரியுங்கள்.