பனி பிடிக்காத பேரனுக்கு

எலேய் மக்கா, இங்கன வந்து இரி. அந்தப் போனைக் கவுத்து வையி. பாட்டா ஏசப் போறதில்ல. ஏசுத வேலையை உங்க அம்மச்சி பாத்துக்கிடுவா.

நம்ம பக்கத்துல பனின்னா என்னலே? மேலு சுடும், வாய் கசக்கும், கருங்கல் ஆசுபத்திரிக்கு ஓடி ஊசி போட்டுட்டு வந்து கஞ்சி குடிச்சுக் கெடப்போம். நாலு பேரு வாசல்ல நின்னு, "பனி விட்டுட்டா?"ன்னு கேப்பாவ. விட்டுட்டுன்னா எல்லாருக்கும் சந்தோசம். பனி வரல்லியேன்னு மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒருத்தன் ஊருக்குத் திரும்புததை எழுவத்தி நாலு வயசுல நான் பார்த்ததில்ல. அதையும் நீ காட்டித் தந்துட்ட.

2024 சனவரி, ஓர்மை இருக்கா? பெங்களூருல இருந்து அஞ்சு பேரு காஷ்மீருக்குப் பனியில சறுக்கப் போறதாட்டுப் பேச்சு. ஒருத்தனுக்கு மேனேஜர் லீவு தரல்ல. ஒருத்தனுக்குப் பெண்ணு பார்ப்பு. இன்னும் ரெண்டு பேரு கடைசி நாள் சாயந்திரம் "சாரி ப்ரோ"ன்னு ஒரு கும்பிடு படம் அனுப்பிட்டுப் படுத்துட்டானுவ. நீ ஒத்தையில ஸ்ரீநகர்ல எறங்கி, குல்மார்க்குக்குப் போயி, காஞ்ச புல்லைப் படம் எடுத்து அனுப்பின. நான்கூட நம்ம தேங்காப்பட்டணம் பொழி பக்கத்துத் தரிசுன்னுல்லா நெனச்சேன்!

குல்மார்க்னா பூத்த புல்வெளின்னு அர்த்தமாம். பேரிலேயே புல்லு கெடக்கு. கோடையில வெள்ளக்காரன் கோல்ஃப் அடிச்ச எடம் அது. புல்லைக் காட்டுவேன்னு பேரு வச்சு, புல்லையே காட்டியிருக்கான். மோசடின்னு எப்படிச் சொல்லுத? அப்புறம் என்ன செய்த? லாட்ஜுல கம்பிளிக்குள்ள மூணு நாளு கெடந்து சினிமா பார்த்துட்டு வந்துட்ட. அந்தச் சினிமாவை இங்க திண்ணையில இருந்து பார்த்திருந்தா அவிச்ச மரச்சீனியும் சாளைக் கொளம்பும் கெடச்சிருக்கும்.

காஷ்மீர்க்காரனுக்கு டிசம்பர் 21-ல தொடங்கி நாப்பது நாளு கடுங்குளிராம். 'சில்லை கலான்'னு பேரு. அந்த நாப்பதுல விழுத பனிதான் ரொம்ப நாளு நின்னு தங்கும். அந்த வருசம் அந்த நாளு முக்காலும் வெறுங்கையாட்டுப் போச்சு. நமக்கு இதுக்கு ஒரு வார்த்தை உண்டு, வறுதி. குதிரைக்காரன், சறுக்குவண்டி இழுக்குதவன், பலகை வாடகைக்கு விடுதவன் எல்லாம் கையைக் கெட்டி இருந்திருப்பான். அந்த மூஞ்சிகளை நீ இங்க வருசா வருசம் ஆனி ஆடியில பார்த்து வளந்தவன். அங்க போயி உனக்கு அடையாளம் தெரியல்ல.

இன்னொரு காரியம் கேட்டியா, அந்தப் பனியும் கடல்ல இருந்துதான் வருது. மத்தியதரைக் கடல் பக்கத்துல ஈரத்தைக் குடிச்சிட்டு ஒரு காத்து மேற்க இருந்து ஈரான், ஆப்கானிஸ்தானு தாண்டி வந்து மலையில முட்டி, அங்க கொட்டுமாம். அந்தச் சனவரியில காத்து சரியா வரல்ல. எல் நினோவும் சேந்துக்கிட்டுன்னு வானிலைக்காரன் சொன்னான். சாளை கொறஞ்சதுக்குக் கொச்சிக் கடல்மீன் ஆராய்ச்சிக்காரனும் இதே எல் நினோவைத்தானே சொன்னான்? ஆக, உன் பலகையையும் என் சட்டியையும் கவுத்தது ஒரே கள்ளன். நீ மட்டும் தனியாட்டு அழுதா எப்படி?

காசைக் கொட்டினா பனி வருமான்னு கேக்காத. உத்தராகண்டு ஔலியில பனி அடிக்க மிசின் வாங்கி வச்சாவ, 2011-ல தெற்காசியப் போட்டி நடத்துததுக்கு. அந்த மிசின் ஓடணும்னா முதல்ல குளிரு வேணுமாம்! மீனு பிடிக்குத மிசின் வாங்கினேன், மீனு கெடந்தாத்தான் அது ஓடும்னு ஒருத்தன் சொன்னா, அவனை நம்ம கரையில சாயா குடிக்க விடுவமா?

இந்தச் சனவரியில திரும்பவும் போறேன்னு முணுமுணுக்குத. திரும்பவும் கூட்டுக்காரனுவ கையை விரிக்கானுவன்னு தெரியுது. போ, நான் தடுக்கல்ல. பாட்டா சொல்லுததை மட்டும் காதுல வாங்கிட்டுப் போ.

வறுதியில நாம என்ன செய்வோம்? மேற்குக் கரையில சூன் 1-ல இருந்து சூலை 31 வரைக்கும் விசைப்படகுக்குத் தடை, 61 நாளு. அந்த நேரத்துல கடலைப் பார்த்து ஒப்பாரி வச்சு ஒருத்தன் மீனு பிடிச்சிருக்கானா? கிழிஞ்ச கண்ணியை முடிவான், எஞ்சினைப் பிரிச்சுப் போடுவான், பொய் சொல்லுவான். பொய்யும் ஒரு தொழிலுதான், சீசன்ல நேரம் கெடைக்காது. நீயும் அதைச் செய்யணும். பனி கொஞ்சம் கெடக்குத சின்னச் சரிவாட்டுப் பாத்து, அங்க அடியிலிருந்து படி. அந்தச் சனவரியில வாத்தியாருக்குச் சிஷ்யனே இல்ல. ஒருத்தனுக்கு ரெண்டு வாத்தியாரு கெடச்சிருப்பான், துட்டும் கொறச்சு வாங்கியிருப்பான். நல்ல பனியிருந்தா ஒரு வாத்தியாருக்குப் பின்னால பத்துப் பேரு, நீ பதினொண்ணாமத்தவன்.

நீ காட்டின வீடியோவுல ஒருத்தன் சொன்னானே, ரெண்டு பலகையோட மூக்கையும் கிட்டக் கொண்டாந்து வாலை விரிச்சா வேகம் கொறையும்னு. வள்ளத்து அணியம் மாதிரி. அதைப் படிக்கக் கழுத்தளவு பனி வேணுமா? முத்தத்துல பாதி எடம் போதும். விழப் படிக்கணும், எழும்பப் படிக்கணும், சரிவுக்குக் குறுக்க நின்னு ஒவ்வொரு அடியா பக்கவாட்டுல ஏறப் படிக்கணும். காலையில பனி கல்லு மாதிரி இறுகிக் கெடக்கும், மத்தியானம் வெயிலடிச்சா கஞ்சியாட்டு எளகும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு நல்ல நேரம் உண்டு. அந்த நேரத்துல நீ கம்பிளிக்குள்ள கெடந்த.

பலகையும் பழசா வாடகைக்கு எடு. பனி கொறஞ்ச எடத்துல அடியில கல்லு உரசும். புது வலையைக் கொண்டுபோயி யாராவது கல்லுப்பாருல போடுவானா?

நிக்குததைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பதினாலு வயசுல எங்கப்பன் என்னைக் கட்டுமரத்துல ஏத்தினாரு. நாலு தடியைக் கயித்தால கெட்டினது, அதுக்குமேல ஒண்ணும் கெடையாது, அலை வந்தா காலுக்கு மேல ஓடும். மொதநாளு கால்முட்டை வெறைச்சுக்கிட்டு நின்னேன். மூணு தடவை கடல்ல போட்டுது. நாலாவது தடவை அப்பன் துளவையால முட்டுக்குப் பின்னால ஒரு தட்டு தட்டினாரு. முட்டு மடங்கிச்சு, மரம் என்னைத் தாங்கிக்கிட்டு. "காலைப் பாக்காதல, வாற அலையைப் பாரு"ன்னாரு, அதோட பாடம் முடிஞ்சு. நீ குல்மார்க்குல பலகையைக் காலுல மாட்டிக்கிட்டு நின்ன அந்த ஒரு படத்தை நல்லாப் பாரு. முட்டு கம்பு மாதிரி நிக்கு, கண்ணு காலுமேல கெடக்கு. மூணு தலைமொறையா மரத்துல நின்ன குடும்பம்லே! அங்க யாருகிட்டயும் நம்ம ஊரு இனயம்னு சொல்லல்லியே? நல்லது.

பிறகு கூட்டு. கூட்டுக்காரன் வரல்லேன்னு நீ பொலம்பினதுதான் எனக்குச் சிரிப்பு. கரமடி இழுக்க முப்பது பேரு வேணும். தூண்டிலுக்கு ஒருத்தன் போதும். சரிவுல சறுக்குதது தூண்டில் வேலை. மேல போறதுவரைக்கும்தான் கூட்டம், கீழ வாறது அவனவன் காலு.

மணாலி பக்கத்துல சிவ கேசவன்னு ஒரு பையன். அப்பன் தலைச்சேரி மலையாளி, அம்மை இத்தாலிக்காரி. ஐஸ் ஓடையில மல்லாந்து படுத்துக்கிட்டு சறுக்குத விளையாட்டு அவனுக்கு. இந்தியாவுல அந்த ஓடையே கெடையாது. என்ன செய்தான்? வண்டிக்குச் சக்கரம் மாட்டி மலைரோட்டுல, லாரிக்கும் ஆட்டுக்கும் நடுவுல படுத்துக்கிட்டுப் போனான். 1998-ல நாகானோ ஒலிம்பிக்ல இந்தியாவுக்கு அவன் ஒருத்தன்தான், பதினாறு வயசு. அதுல இருந்து 2018 வரைக்கும் ஆறு ஒலிம்பிக். 2022-ல பீஜிங்கு போன ஆரிஃப் கானும் ஒத்தை ஆளுதான், நீ புல்லைப் படம் எடுத்த அந்த குல்மார்க்குப் பக்கத்துக்காரன். பெரிய சரிவுப் பந்தயத்துல 45-ஆவது. மெடல் இல்லேன்னு மூஞ்சி சுளிக்காத, உன் எடம் எத்தனையாவதுன்னு நான் கேக்கல்ல. குடகுல, காப்பி வெளையுத ஊருல, பனியே விழாத எடத்துல பொறந்த பவானின்னு ஒரு பெண்ணு பனிநடைப் பந்தயத்துல கர்நாடகத்துக்குத் தங்கம் வாங்கியிருக்கு. ஒருத்திக்குப் பனி இல்ல, ஒருத்தனுக்கு ஓடை இல்ல, ஒருத்தனுக்குக் கூட்டு இல்ல. உனக்கு இல்லாம போனது வாட்ஸ்அப் குரூப்பு.

ஒரு காரியம் மட்டும் வெளையாட்டில்ல. நீ வந்து பத்து நாளு ஆகல்ல, பனி கொட்ட ஆரம்பிச்சிட்டு. பிப்ரவரி 21-ல இருந்து 25 வரைக்கும் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டி அதே குல்மார்க்குல நடந்துது. அந்தப் போட்டி நாளுலதான், 22-ஆம் தேதி, மேல பனிச்சரிவு வந்து ஒரு ரஷ்யாக்காரன் செத்தான். உள்ளூர் ஆள் இல்லாம போயிருந்தாவன்னு பேப்பர்ல போட்டிருந்தான். பழைய பனி இறுகிக் கெடக்க, அதுக்குமேல புதுப் பனி பொதியாட்டு ஏறினா ஒண்ணோடொண்ணு ஒட்டாது, ஒரு ஆளு பாரம் போதும் அப்படியே வழுக்கி வர. ஆகையினால, கோடு போட்ட சரிவுல ஒத்தையில போ. கோட்டுக்கு வெளிய உள்ளூர்க்காரன் இல்லாம ஒரு அடி வைக்காத. அவன் போவண்டாம்னு சொன்னா, டிக்கெட்டுத் துட்டை நெனச்சுத் தர்க்கம் பண்ணாத. 2017 நவம்பர் 30-க்கு முன்னால நானும் கடலைப் பத்தி வாய் பேசினவன்தான். ஒகிப் புயலுக்குப் பிறகு பேசுததில்ல.

சரி, அதை விடு. சாயா ஆறுது, குடி.

2025-லயும் இதே கூத்துதான். பிப்ரவரியில நடக்க வேண்டிய போட்டி, பனி இல்லேன்னு மார்ச்சு 9-க்குத் தள்ளிப் போச்சு. சர்க்காரே காத்துக் கெடந்து நடத்தினான், நீ மூணு நாளுல பொறப்பட்டுட்ட. அதுவுமில்லாம, வராததெல்லாம் நட்டம்னு யாரு சொன்னா? 2016-ல நம்ம ஊருல பெரிய துறைமுகம் வரும்னு டில்லியில சம்மதம் குடுத்தான். ஊரே வேண்டாம்னு நின்னுது, வரல்ல. வராதுன்னு தெரிஞ்ச அன்னைக்கு வெடி போட்டவனுவள்ல நானும் ஒருத்தன். மணலையே கடல் தின்னு, கல்லு அடுக்கி வச்சிருக்க கரை இது.

பனி விழாத நாளும் அங்க நாளுதானே? ரோப் கார் ஒண்ணு உண்டாம். 1998-ல பாதி மலை வரைக்கும் போட்டான், 2005-ல அஃபர்வாத் தோள் வரைக்கும், பதிமூவாயிரம் அடிக்குப் பக்கம். கீழ புல்லு தெரிஞ்சாலும் மேல வெள்ளை கெடக்க எடமுண்டு. அதுல ஏறினியா? இல்ல. உப்புப் போட்ட சாயா ஒண்ணு ரோசாப்பூ நெறத்துல தருவானாம். உப்புக் காத்துல பொறந்தவன் குடிக்க வேண்டிய சாயா அது. குடிச்சியா? இல்ல. ஸ்ரீநகர்ல விடியுததுக்கு முன்னால ஹரிசான்னு ஆட்டெறைச்சியை ராத்திரி பூரா கடைஞ்சு விக்கான். மண்சட்டியில கனலை வச்சுச் சட்டைக்குள்ள கொண்டு நடக்கான், சட்டை தீப்பிடிக்கல்ல, எப்படின்னு கேட்டியா? அதுவும் இல்ல. 1902-ல வெள்ளக்காரன் கட்டின புனித மரியா கோயிலு ஒண்ணு அந்தப் புல்வெளியில நிக்காம். ரொம்பக் காலம் பூட்டிக் கெடந்து 2003 கிறிஸ்துமசுக்குத் தொறந்தானாம். அது நம்ம சபை இல்ல, இருக்கட்டும், மாதா பேருதானே. ஒரு மெழுகுதிரி கொளுத்தினியான்னு அம்மச்சி கேட்டப்போ நீ முழிச்ச முழி இருக்கே!

இதெல்லாம் இந்தக் கிழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்குத. படிப்பகத்துல பேப்பரு வருது. உன் தங்கச்சி போன்ல தேடித் தாறா. ஆறு மாசமா தேடிட்டிருக்கோம்.

கூட்டுக்கு ஆளில்லேன்னு சொன்னல்லா? மார்த்தாண்டத்துல ஒரு மங்கி குல்லா வாங்கி வச்சிருக்கேன். கைக்கு உறை உன் பழசு, பரணுல கெடந்துது, எனக்குச் சரியாட்டு இருக்கு. முட்டு மடங்கும், காலையில மடக்கிப் பார்த்தேன், எறங்குதப்போதான் கொஞ்சம் பிடிக்கும். டிக்கெட்டு ரெண்டாப் போடு, சன்னல் பக்கம் எனக்கு. பனி பிடிச்சா மாத்திரை எடுத்து வச்சாச்சு.

அம்மச்சிகிட்ட, மாதா கோயிலுக்குப் போறோம்னு சொல்லியிருக்கேன். வேளாங்கண்ணின்னு அவளாட்டு நெனச்சிக்கிட்டா.