முன்னிரண்டு எலுமிச்சை

என் ஜீப்பைப் பற்றி முகப்பேர் மேற்கில் ஒரு கதை உலவுகிறது. அதில் பாதி பொய். மிச்சப் பாதி பொய்யைவிடக் கேவலம். அடுத்தவர் வாயால் வெளிவருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பா செய்யாறு பக்கம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர். அங்கே ஒரு பி.டி.ஓ. ஜீப் உண்டு. அது உறுமிக்கொண்டு காம்பவுண்டுக்குள் நுழைந்தால், டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் பின்வாசல் வழியாக நாற்காலிக்கு ஓடுவார்கள். அப்பா தன் சர்வீஸ் முழுக்க அதன் முன் சீட்டில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. ஆடிட் நோட்டுக் கட்டுகளோடு பின்னால், பக்கவாட்டு பெஞ்சில், முட்டி இடிக்கப் போய்வருவார். நான் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தேன். டிரைவர் காதைத் திருகினார். பிறகு நான் படித்தது, பாங்க் வேலைக்கு வந்தது, முகப்பேரில் ஃப்ளாட் வாங்கியது எல்லாம் நடந்தன. காது மட்டும் ஆறவில்லை.

2022-இல் ஒரு புரோக்கர் மூலம் ஜீப் வாங்கினேன். மஹிந்திரா எம்எம் 540, 1989-ஆம் வருஷத்து வண்டி, பெஜோ டீசல் இன்ஜின், கான்வாஸ் கூரை. விலையைச் சொல்ல மாட்டேன். வீட்டில் சொன்ன விலை வேறு. புரோக்கர் கியருக்குப் பக்கத்தில் முளைத்திருந்த குட்டி லிவரைக் காட்டி, “ஃபோர் வீல் டிரைவ் சார். இத இழுத்து விட்டீங்கன்னா மலையே ஏறும்” என்றார். நான் இழுத்துப் பார்த்தேன். ‘டக்’ என்றது. அந்த ‘டக்’குக்குத்தான் பணம் கொடுத்தேன் என்று இன்று தோன்றுகிறது.

முகப்பேர் என்ற பெயரே ‘மகப்பேறு’ என்பதிலிருந்து வந்ததாக இங்கே சொல்வார்கள். சந்தான சீனிவாசப் பெருமாளிடம் பிள்ளை வரம் கேட்டு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நாற்பத்தெட்டு வயதில் ஜீப்பைக் கொண்டுபோய் அவர் வாசலில் நிறுத்தியவன் நான். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். வண்டியை நகர்த்தினேன், நாலும் நசுங்கின. இந்த எலுமிச்சையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வந்ததும் எனக்குள் ஒரு வாத்தியார் வந்துவிட்டார். வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்த யாரும் ஜீப் வரலாறு கேட்காமல் திரும்பியதில்லை. 1940-இல் அமெரிக்க ராணுவம் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளிடம், 49 நாளில் ஒரு மாதிரி வண்டி செய்து காட்ட முடியுமா என்று கேட்டது. பெரிய கம்பெனிகள் தயங்கின. நொடித்துப்போகும் நிலையில் இருந்த பேன்டம் என்ற குட்டிக் கம்பெனி துணிந்தது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் வரைந்து கொடுத்தார். செப்டம்பர் 23-ஆம் தேதி, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ராணுவத்துக்கு வண்டி பிடித்துவிட்டது. கம்பெனியின் அளவுதான் பிடிக்கவில்லை. வரைபடத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்தது. 60 குதிரைத்திறன் இன்ஜின் வைத்திருந்த வில்லிஸ் ஜெயித்தது. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் வெளிவந்தன. அதில் பேன்டம் செய்தது மூவாயிரம்கூட இல்லை. பிறகு அது டிரெய்லர் செய்து பிழைத்தது.

இந்த இடத்தில் என் குரல் தழுதழுக்கும். வந்தவர் காப்பி டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். விட மாட்டேன். இந்தியப் பாகம் இன்னும் வரவில்லையே! 1945-இல் மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து ‘மஹிந்திரா அண்ட் முகமது’ என்று இரும்பு வியாபாரத்துக்காக ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். நாடு பிரிந்தது. முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார், பின்னால் கவர்னர் ஜெனரலே ஆனார். 1948-இல் கம்பெனி ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆனது. எம் அண்ட் எம் என்ற சுருக்கத்தை மாற்ற வேண்டிய செலவு மட்டும் மிச்சம். வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமாக வரவழைத்து பம்பாய் மஸகாவில் பூட்ட ஆரம்பித்தவர்கள், மெல்ல மெல்ல முழு வண்டியையும் இங்கேயே செய்தார்கள். முன்பக்கக் கிரில்லில் ஏழு நீளத் துளை இருக்கும். அது வில்லிஸ் போட்ட முகம். அந்த ஜாடையை வைத்துக்கொண்டு மஹிந்திரா 2018-இல் ‘ராக்ஸர்’ என்ற வண்டியை அமெரிக்காவில் விற்கப்போக, ஜீப் என்ற பெயரை அப்போது கையில் வைத்திருந்த ஃபியட் கிரைஸ்லர் வழக்குப் போட்டது. கடைசியில் ராக்ஸரின் முகத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

இவ்வளவும் தெரிந்த எனக்கு, என் வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அதற்கு வருகிறேன்.

எங்கள் ப்ளாக்கில் முதல் மாடியில் ஒரு பெரியவர். ஆவடி டாங்கி ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்த இடம் அது. அங்கே இருந்தவருக்கு என் ஜீப் ஒரு தீப்பெட்டி. நான் வண்டிக்கு ராணுவப் பச்சை அடித்துக்கொண்டு வந்து நின்ற அன்று, பால்கனியிலிருந்து இறங்கி வந்து சுற்றிப் பார்த்தார்.

“தம்பி, இந்தக் கலரு பட்டாளத்துக்கு மட்டுந்தான். சட்டமே இருக்கு.”

சிரித்தேன். பிறகு தேடிப் பார்த்தால், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121. ஆலிவ் பச்சையை ராணுவ வண்டி தவிர வேறெதற்கும் அடிக்கக் கூடாது. மறுபடி பெயின்ட். இந்த முறை கடைக்காரர் கலந்து கொடுத்த பச்சை எந்தச் சட்டத்திலும் இல்லாதது. ப்ளாக் குழந்தைகள் அதற்கு ‘பிஸ்தா’ என்று பெயர் வைத்தார்கள். இன்றுவரை அதுதான் பெயர்.

பிஸ்தாவில் நான் ஏறாத மலையில்லை, மனசுக்குள். உண்மையில் அது போன இடங்கள்: அம்பத்தூர் எஸ்டேட் ரோடு, கோயம்பேடு மார்க்கெட், மாவு மில். திருமங்கலம் சிக்னலில் மட்டும் ஒரு சுகம் உண்டு. முன்னால் நிற்கும் பைக் பையன் கண்ணாடியில் ஜீப்பைப் பார்த்ததும் பதறி, டேங்க் மேல் வைத்திருந்த ஹெல்மெட்டைத் தலையில் மாட்டுவான். அரை விநாடி நான் பி.டி.ஓ. அடுத்த அரை விநாடியில் நிறத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கழற்றிவிடுவான்.

அம்மா ஏற ஒரு முக்காலி வேண்டும். அதை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். “டேய், உங்கப்பா இதுலதான் முட்டி தேஞ்சாரு. இப்ப எனக்கா?” என்பாள், ஒவ்வொரு முறையும்.

இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவன் காத்திருப்பது ஒரே ஒரு நாளுக்காக. ஊரே மூழ்க வேண்டும், சின்னக் கார்கள் எல்லாம் நிற்க வேண்டும், நாம் மட்டும் போக வேண்டும். அந்த நாள் எனக்கு வந்தது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். தெருவில் முட்டியளவு தண்ணீர். கரண்ட் இல்லை, பால் இல்லை. ப்ளாக்கில் நாலைந்து பேர் என் கதவைத் தட்டினார்கள். “சார், உங்க ஜீப்தான்...” அந்த வாக்கியத்தை அவர்கள் முடிக்க நான் விடவில்லை. ரெயின்கோட் போட்டு, மாடிப்படியில் நிதானமாக இறங்கினேன். சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு நாள் முன்பு அழகு பார்க்கப் போட்ட ஃபாக் லைட்டை அணைக்க மறந்திருக்கிறேன். பாட்டரி செத்துப்போயிருந்தது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றால், தண்ணீருக்குள் யார் தள்ளுவது? பால் போடும் பையன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்து போட்டான். குழந்தைகள் பிஸ்தாவின் பானெட்டில் ஏறி உட்கார்ந்து காகிதக் கப்பல் விட்டார்கள்.

அடுத்த கோடையில் கொழுக்குமலை போனோம். தேனி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம்தான், ஆனால் வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. அங்கிருந்து ஜீப் தவிர வேறெதுவும் ஏறாது. பாதை என்று சொல்வது மரியாதைக்கு. பாறைகளை யாரோ கொட்டிவிட்டு மறந்துபோன மாதிரி இருக்கும். ‘சொந்த ஜீப் இருக்க, வாடகை ஜீப்பா’ என்று நீங்கள் கேட்கலாம். மனைவியும் கேட்டாள். சர்வீஸுக்கு விட்டிருப்பதாகச் சொல்லி, நைட் பஸ்ஸில் கூட்டிப் போயிருந்தேன். பிஸ்தா பார்க்கிங்கில், கவருக்குள், சௌக்கியமாக இருந்தது.

அந்த டிரைவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் வண்டியை ஒத்த பழைய மஹிந்திரா. விடியலுக்கு முந்தைய இருட்டில், ஒரு கையால் ஸ்டீயரிங், மறு கையால் பன். ஒவ்வொரு பாறையிலும் எந்தச் சக்கரம் முதலில் ஏற வேண்டும் என்று வண்டிக்கே தெரிந்த மாதிரி இருந்தது. நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த பிடியில் உள்ளங்கை சிவந்துவிட்டது. பாதி வழியில் அவன் திரும்பி, “சாருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?” என்றான்.

“இல்ல தம்பி.”

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருட்டு காப்பாற்றியது.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படி எங்கள் பக்கத்துப் பாலம் ஒன்றிலும் சில வண்டிகள் நின்றன. ஆல்ட்டோ, வேகன் ஆர், இன்னொரு ஆல்ட்டோ, பிஸ்தா. வெள்ளத்தில் போவதற்கென்று வாங்கிய வண்டியை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற ராத்திரி பதினொரு மணிக்குப் பாலத்தில் ஏற்றியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். பக்கத்தில் ஆல்ட்டோவை நிறுத்திக்கொண்டிருந்தவர், “சார், இதுவுமா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னை அடுத்த மாதம் சேற்றில் இறக்கியது.

நொளம்பூர் பக்கம் ஒரு காலி மனை. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் ப்ளாக் பையன் ஒருவன் புது மஹிந்திரா ‘தார்’ வாங்கியிருந்தான். 2020-இல் புது அச்சில் வந்தது, முதல் வண்டியே ஏலத்தில் 1 கோடியே 11 லட்சத்துக்குப் போனதே, அந்த வகை. “கதவும் ஏசியும் வச்சது ஜீப்பாடா?” என்று அவனை நான் எப்போதும் சீண்டுவேன். (மே மாதத்தில் அந்த ஏசியை நினைத்துப் பெருமூச்சு விட்டதுண்டு.) அன்றைக்கு அவனுக்குப் பாடம் நடத்துவதாகச் சொல்லிக் கூட்டிப்போனேன். அவனோடு குழந்தைகள். குழந்தைகளோடு டாங்கி ஃபாக்டரிப் பெரியவர்.

லிவரை இழுத்தேன். ‘டக்.’ லோ கியர் போட்டேன். இன்ஜின் கனமாக முனகியது. மனைக்குள் இறங்கினேன். பத்தடி போயிருப்பேன். பின் சக்கரங்கள் சேற்றைப் பின்னால் வாரி இறைத்தன. முன் சக்கரங்கள் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தன. இன்னும் அழுத்தினேன். வண்டி போவதற்குப் பதில் இறங்கியது. பின் அச்சு வரைக்கும் இறங்கியதும் நிறுத்தினேன்.

பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டி ஓரமாக நின்று, “தம்பி, முன் சக்கரம் சுத்தவேயில்ல” என்றார்.

தார் பையன் கயிறு கட்டி இழுத்தான். ஏசியை அணைக்காமலே இழுத்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பாடியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். பிரேக்கும் வீலும் டைனமோவும் செய்து நாட்டுக்கே அனுப்புகிற ஊர் பாடி. அங்கத்து மெக்கானிக் சுருக்கமாகத்தான் பேசுவார். சாக்கை விரித்து அடியில் போனார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“சார், முன் கிரவுனுக்குப் போற ஜாயின்ட்டே இல்ல சார்.”

“லூஸா இருக்கா?”

“இல்லவே இல்ல சார். கழட்டிட்டாங்க. டீசல் மிச்சம், சத்தமும் கம்மி, அதுக்காகக் கழட்டிடுவாங்க. ரொம்ப வருஷம் ஆச்சு, ஃபிளாஞ்சுல துரு ஏறிக் கெடக்கு.”

“ஆனா லிவர் இழுத்தா டக்குன்னு விழுதே?”

“லிவர் விழும் சார். கியர் பாக்ஸ் அதும்பாட்டுக்கு முன்னாடி சக்கரத்துக்கு பவர் குடுக்கும். எடுத்துக்கிட்டுப் போகத்தான் ஆள் இல்ல.”

ஜாயின்ட் என்று அவர் சொன்னது ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை. அதாவது இரண்டரை வருடமாக நான் ஊரெல்லாம் பெருமையடித்த ஃபோர் வீல் டிரைவ், டூ வீல் டிரைவ். லோ கியரில் இன்ஜின் முனகியதும் உண்மை, லிவரின் ‘டக்’கும் உண்மை. வண்டி என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. முன் சக்கரம் தேவைப்படுகிற இடத்துக்கு நான் ஒருநாளும் அதைக் கொண்டுபோகவில்லை, அதனால் கேட்டுப் பார்க்கவும் இல்லை.

சாயங்காலம் விஷயத்தை வீட்டில் சொன்னேன். தார் பையனின் அம்மா சொல்வதற்கு முன் சொல்லிவிடலாம் என்ற அவசரம். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, திட்டவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அன்னிக்குக் கோயில்ல ரெண்டு எலுமிச்சம்பழமே போதுமா இருந்திருக்குமேங்க?” என்றாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை புதுப்பேட்டைக்குப் போய், நாலு கடை ஏறி இறங்கி, பொருந்துகிற பழைய ஷாஃப்ட் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவந்தேன். மெக்கானிக் பார்த்துவிட்டு, “போட்ரலாம் சார், எப்ப வேணும்?” என்றார். அடுத்த மழைக்கு முன்னால் என்றேன். அதன் பிறகு பல மழை வந்து போய்விட்டது. ஷாஃப்ட் பால்கனி வாசலில் கிடக்கிறது. காற்றடித்தால் கதவு மோதாமல் இருக்க அம்மா அதை முட்டுக் கொடுத்திருக்கிறாள். நல்ல கனம், அசையவே அசையாது என்கிறாள்.