தலையை மட்டும் எண்ணு தாயி

வா தாயி, உக்காரு. பையில என்ன, ரிஜிஸ்டரா? வளரிளம் பருவ நலத் திட்டத்துக்கு நம்ம ஒன்றியம் முழுக்க நீதான் கணக்கெடுக்குறியாமே. இந்தக் கிழவனும் சுகாதாரத்துறையில ரிஜிஸ்டர் எழுதி எழுதியே ரிடையர் ஆனவன்தான். மேலதிகாரி மெச்சுற மாதிரி நாலு புத்தி சொல்றேன், கேட்டுக்க.

கண்ணுக்குத் தெரியுறதை மட்டும் எண்ணு. சத்து மாத்திரை நீலமா இருக்கும், வாரத்துக்கு ஒன்னு, எண்ணிரலாம். புதுயுகம் நாப்கின் பாக்கெட்டை எண்ணிரலாம். கூட்டத்துக்கு வந்த தலை, குடிச்ச டீ, அதையும் எண்ணிரலாம். மீசை முளைக்கிற பய தூக்கத்துல துணி நனைஞ்சதை நோயின்னு பயந்துக்கிட்டு, லாட்ஜுல ரூம் போட்டுருக்குற வைத்தியருக்குக் காசக் கொண்டுபோய்க் கொட்டுறானே, அந்தப் பயம் குறைஞ்சுச்சான்னு மட்டும் பாக்கப் போயிராத. படிவத்துல அதுக்குக் கட்டம் கிடையாது.

எங்க காலத்துலயும் கட்டம் இருந்துச்சு. குடும்பக் கட்டுப்பாட்டு டார்கெட். 1976-77ல, ஒரே வருசத்துல, நாடு முழுக்க 80 லட்சம் ஆபரேசனுக்கு மேல. அதுல கல்யாணமே ஆகாதவனும் இருந்தான்னு, எமர்ஜென்சியை விசாரிச்ச ஷா கமிஷன் பின்னால எழுதி வச்சுச்சு. இருந்தா என்ன, கட்டம் நெறஞ்சுச்சுல்ல? டார்கெட்டே வேண்டாம்னு கவர்மெண்டு சொன்னது 1996ல. புத்தி வர இருபது வருசம். உன் திட்டம் 2014ல வந்ததுதானே, என்ன அவசரம்?

பாடத்துக்கு முன்னாடி ஒரு தாள், பின்னாடி ஒரு தாள் கொடுக்குறீகளே, அது நல்ல ஏற்பாடு. முன் தாள்ல எல்லாத்துக்கும் 'தெரியாது', பின் தாள்ல எல்லாத்துக்கும் 'தெரியும்'. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கூடக் கொடுக்க வேண்டியதில்ல, அதுகளே போட்டுரும். நடுவுல பாடம் நடத்தணும்கிற கட்டாயமும் இல்ல. இனப்பெருக்கப் பாடம் வந்தா 'வீட்டுல படிச்சுக்கங்க'ன்னு பக்கத்தைத் திருப்புற வாத்தியாருக்கு இதைவிட என்ன வேணும்?

நம்ம மாநிலத்துல 20 முதல் 24 வயசுப் பொண்ணுகள்ல நூத்துக்கு 12.8 பேருக்குப் பதினெட்டுக்கு முன்னாடியே கல்யாணம்னு 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது. எப்படிச் சொல்லுச்சு? வீட்டுக்குள்ள போயி, மாமியாகாரியை அக்கட்ட அனுப்பிட்டு, ஒரு பொம்பள இன்னொரு பொம்பளகிட்டத் தனியா உக்காந்து கேட்டா. உனக்கு எதுக்கு அந்தச் சள்ளை? பள்ளிக்கூட வராந்தாவுல மைக்கைப் பிடிச்சு, 'யார் வீட்டுலம்மா சின்ன வயசுக் கல்யாணம்?'னு கேளு. ஒரு கை தூக்காது. பூஜ்யம். கலெக்டரே கை தட்டுவாரு.

விடிகாலையில மில்லு வேன்ல ஏறிப் போகுதே ஒரு கூட்டம், படிப்பை நிறுத்துன பிள்ளைக, அதுக பக்கமும் போயிராத. ஊருக்கு நாலு பேரை, பாதி ஆணு பாதி பொண்ணு, சக தோழரா வச்சதே இந்த மாதிரிப் பிள்ளைகளையும் சேத்துப் பிடிக்கத்தான். ஆனா வேன் திரும்புறப்ப இருட்டிரும், உன் கூட்டமோ காலையில பதினோரு மணிக்கு.

நல மையத்துக்கு யாரும் வரலைன்னு வருத்தப்படுறே. எப்படி வருவாக? போக்சோ சட்டப்படி பதினெட்டுக்குக் கீழ சம்மதம்னு ஒன்னு கிடையாது. விசயம் தெரிஞ்சும் போலீசுக்குச் சொல்லலைன்னா சொல்லாதவருக்கு ஆறு மாசம் வரைக்கும் செயிலு. கருக்கலைப்புக்கு வர்ற சின்னப் பிள்ளையோட பேரை டாக்டர் போலீசுக்குச் சொல்ல வேண்டியதில்லைன்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டே எறங்கி வந்துச்சு. உன் படிவம் எறங்கலையே! பேரு, அப்பா பேரு, தெரு. குலதெய்வத்தை மட்டும் ஏன் விட்டீகன்னு தெரியல.

கடைசியா அந்தக் கேள்விப் பெட்டி. அதை எச்.எம். மேசை மேல வையி. ஒரு தாள் விழாது, 'சந்தேகம் எதுவும் இல்லை'ன்னு எழுதிக்கலாம். தப்பித் தவறித் தண்ணித் தொட்டிப் பக்கம், ஆள் பாக்காத எடத்துல வச்சேன்னு வையி, தொலைஞ்சே. கணக்கு நோட்டுல கிழிச்ச தாளு, எட்டா மடிச்சு, கையெழுத்து தெரியக் கூடாதுன்னு இடது கையால எழுதி வந்து விழும். 'முத்தம் கொடுத்தா கொழந்த பொறக்குமா அக்கா?' மூனு மாசம் கழிச்சு இந்தக் கேள்வி நின்னு, இதைவிட வெவரமான கேள்வி வந்துச்சுன்னா பிள்ளைக கத்துக்கிட்டது அம்பலமாயிரும். அதை எந்தக் கட்டத்துல எழுதுவே? இன்னொரு தாளும் வரும், 'சொந்தக்காரர் ஒருத்தர் தொடுறாரு, யார்கிட்டச் சொல்ல?'னு. அன்னைக்கு மட்டும் இந்தக் கிழவன் பேச்சைக் கேக்காத. ரிஜிஸ்டரை மூடிட்டு 1098க்குப் போனைப் போடு.

என்ன, சிரிக்கிறே? பெட்டியை எங்க வச்சுருக்கே? அடிப்பாவி, தண்ணித் தொட்டிகிட்டயேவா! சரி, போற வழியில நல்ல பூட்டா ஒன்னு வாங்கிக்க. எச்.எம். சாவி கேட்டாருன்னா, எங்க தாத்தா தொலைச்சுட்டாருன்னு சொல்லிரு.