செத்த லேப்டாப்பின் சொத்துப் பிரிவினை

லேப்டாப் உயிரை விட்டதும் வீட்டில் எழும் முதல் கேள்வி: "இதுல எதையாவது கழட்டி அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல மாட்ட முடியாதா?" முடியும். ஹார்ட் டிஸ்க் நல்ல பிள்ளை. இரண்டரை அங்குலம்தான் என்றாலும் டெஸ்க்டாப்பின் சாட்டா கேபிளில் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். கேபினெட்டில் அதற்கான இடம் மூன்றரை அங்குலம். மிச்சத்தைச் செல்லோடேப் பார்த்துக்கொள்ளும்.

ரேம்தான் வம்பு. லேப்டாப்பின் டிடிஆர்4 ரேமுக்கு 260 பின், டெஸ்க்டாப்புக்கு 288. நீளமும் பாதிதான். "கொஞ்சம் அழுத்தினா போயிடும் மாப்ளே" என்பார் மச்சான். போகும், மதர்போர்டு.

திரையை மானிட்டராக்கும் ஆசை இன்னும் ஒரு படி மேலே. பேனல் நம்பருக்குப் பொருந்துகிற கன்ட்ரோலர் போர்டு தனியாக வேண்டும். அப்புறம் அடாப்டர், சட்டம், ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஆட்டோ. கூட்டிப் பார்த்தால் செகண்ட் ஹேண்ட் மானிட்டரே வந்துவிடும். ஆனால் அதை விருந்தாளியிடம் காட்டிப் பீற்றிக்கொள்ள முடியுமா?

உப்பிப்போன பேட்டரியை மட்டும் "எதுக்காவது ஆகும்" என்று பரணில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.