அண்ணாச்சிக்குத் தடைக்காலம்

அதிகாலை நாலரை மணிக்குத் தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் ஆள் நடமாட்டம் இருக்கும். விசைப்படகுக்காரர்கள் கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அன்றிரவே கரை திரும்ப வேண்டிய தொழில், தாமதிக்க முடியாது. பாட்டிமார் முக்காடிட்டுப் பனிமய மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். இவர்களுக்கு நடுவே ஒரு வேலையும் இல்லாத ஒருவர் வருவார். அவருக்குத்தான் அவசரம் அதிகம். அவர்தான் மெடல் அண்ணாச்சி.

"யாரும் வெரட்டுதாவளா அண்ணாச்சி?" என்று படகுக்காரர்கள் கேட்டதெல்லாம் ஆரம்பத்தில். இப்போது கேட்பதில்லை. ரோச் பூங்காவில் புறப்பட்டு, பதினெட்டு கிலோமீட்டர் சுற்றி, மறுபடியும் ரோச் பூங்காவுக்கே வந்துசேர்கிற மனிதரிடம் என்னத்தைக் கேட்பது?

இவர் வங்கி மேலாளராகவோ அனல்மின் நிலையப் பொறியாளராகவோ பல் மருத்துவராகவோகூட வாய்ப்பார். நான் துறைமுகக் கிளியரிங் ஏஜென்டை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பாடு அவருக்குத்தான் அதிகம். வயது நாற்பத்தைந்து. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். நடந்தார். சென்னை மேயராக இருந்து பின்னால் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன் நூறு அரை மாராத்தானுக்கு மேல் ஓடி முடித்தவர் என்று யாரோ காதில் போட்டார்கள். அன்றோடு நடை போயிற்று.

முதலில் வந்தது ஷூ. ஐநூறு கிலோமீட்டர் ஓடினால் ஷூவின் உயிர் போய்விடும் என்று படித்திருக்கிறார். ஆனால் உயிர்போன ஷூவை எறிய மனம் வராது. வாசலில் வரிசைகட்டி நிற்கும். புதிதாக வருகிறவர்கள் உள்ளே ஏதோ விசேஷம் என்று நினைத்துத் தயங்குவார்கள். அடுத்து வந்தது கைக்கடிகாரம். அது மணி காட்டுவது குறைவு, குற்றம் காட்டுவது அதிகம். இரவு சரியாகத் தூங்கவில்லை என்று காலையில் அவருக்கே புகார் சொல்லும்.

பிறகு பதினாறு வாரப் பயிற்சித் திட்டம். குளிர்தேசத்துக்காரர் யாரோ எழுதியது. ஆறாம் வாரம் குன்று ஏறி ஓட வேண்டும் என்றிருக்கிறது. தூத்துக்குடியில் குன்று ஏது? உயரமாக இருப்பவை உப்பு அம்பாரங்கள். அவற்றின்மேல் ஏறினால் அளத்துக் காவலாளி சும்மா விடமாட்டார். மிச்சமிருப்பது மேம்பாலம். அதில் பத்துத் தடவை ஏறி இறங்கியவரை ரோந்து போலீஸ் நிறுத்தி, "எதையும் தொலச்சிட்டியளா சார்?" என்று கேட்டது. ஆடி மாதக் காற்று முதுகைத் தள்ளும்போது வாழ்நாள் சாதனை படைப்பார். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும் என்பதால் ஆட்டோவில் வந்துவிடுவார். சாதனைக் கணக்கில் ஆட்டோ வராது.

உப்பு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. உப்பு உற்பத்தியில் இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிச் சீமைக்கு. சாலைக்கு இருபக்கமும் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும். வியர்வையில் உப்பு போகிறதென்று அண்ணாச்சி உப்புக் கரைசல் பாக்கெட்டைக் கூரியரில் வரவழைக்கிறார். டெல்லியிலிருந்து வருகிறது.

மாராத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 195-ஐ அண்ணாச்சி யாருக்கும் விட்டுத்தர மாட்டார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பத்தார் உட்கார்ந்திருந்த மாடத்துக்கு முன்னால் முடிப்பதற்காக வைத்த தூரம் அது, 1921-இல் உலகத்துக்கே விதியாகிவிட்டது என்று டீக்கடையில் விளக்கினார். அங்கே ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"அதே 1908 ஜூலையிலதான்யா வ.உ.சி.க்கு ரெட்டை ஆயுள் தண்டன குடுத்தான் வெள்ளக்காரன். அவரு கப்பல் விட்ட ஊர்ல இருந்துக்கிட்டு, அவன் ராசா பாக்கதுக்காக நீரு இன்னும் ஓடிக்கிட்டிருக்கீராக்கும்?"

அண்ணாச்சி அன்று டீயை முழுதாகக் குடிக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவே தொழில் என்று ஒன்று இருக்கிறது. கப்பல் யாருடைய பயிற்சித் திட்டத்தையும் பார்த்து வருவதில்லை. பதினொரு மணிக்குக் கட்-ஆஃப், கன்டெய்னர் கேட்டில் நிற்கிறது, பார்ம் 13-இல் சீல் நம்பர் தப்பு என்று போன் வரும்போது அண்ணாச்சி பதினாலாவது கிலோமீட்டரில் இருப்பார். அதை எடுப்பவர் மைத்துனர். முத்துக்குளித்த காலத்தில் மூழ்குகிறவனின் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. மற்றவன் பராக்குப் பார்ப்பான். தங்கச்சி தாலி விஷயத்தில் மச்சான் பார்க்க மாட்டான். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. மச்சான்களுக்கு மட்டும் வேலை ஓயவில்லை. "அத்தான் ஹார்பர்ல இருக்காவ" என்பார் மைத்துனர். பொய்யில்லை, அன்றைய ஓட்டம் துறைமுக வாசல்வரை.

வீட்டம்மாவுக்கு ஒரே ஒரு குறைதான். "மூணரைக்கு அலாரம் வச்சு எழும்புற மனுசன், என் தங்கச்சி கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிஞ்சுல்லா வந்தாரு!" அன்று முப்பது கிலோமீட்டர் ஓட வேண்டிய ஞாயிறு. தாலி கட்டும் நேரத்தில் இருபத்தெட்டில் இருந்தார். இரண்டை விட்டுவிட்டு வந்ததாகவும், அது எவ்வளவு பெரிய தியாகம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை என்றும் இன்றுவரை வருத்தப்படுகிறார்.

சாப்பாட்டில் சிக்கல் இல்லை. நீள ஓட்டத்துக்கு முந்தைய இரவு மாவுச்சத்து ஏற்ற வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரில் நைட் கிளப் என்றால் பரோட்டாக் கடை. நைட் கிளப்பில் உட்கார்ந்து நாலு பொரிச்ச பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து அடிப்பதைப் பயிற்சி என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு வேறு எந்த விளையாட்டில் கிடைக்கும்? ஓட்டத்துக்கு நடுவே சாப்பிடப் பையில் மக்ரூன் இருக்கும். முட்டை வெள்ளை, சீனி, முந்திரி. கடற்கரை ஈரக்காற்றுக்கு மூன்றாவது கிலோமீட்டரிலேயே அது இளகிப் பிசினாகிவிடும். வழித்துச் சாப்பிடுவார்.

ஆனால் அண்ணாச்சியை முழு உருவத்தில் பார்க்க வேண்டுமென்றால் அவர் ஓடாதபோது பார்க்க வேண்டும். ஓடுகிறவரைக்கும் அவர் வாயைத் திறக்க மூச்சு இருக்காது. காலில் அடிபட்டுவிட்டால் ஊரே அவரிடம் மாட்டிக்கொள்ளும்.

முதல் காயம் முழங்காலுக்கு வெளிப்பக்கம். தொடையிலிருந்து இறங்கும் நார்ப்பட்டை உரசுகிறது, சுருக்கமாக ஐ.டி. பேண்ட். "ஐ.டி.யில பிரச்சினை" என்று போனில் சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த ஏற்றுமதிக்காரர் இரண்டு நாள் தன் கோப்பு எதையும் அண்ணாச்சி ஆபீசுக்கு அனுப்பவில்லை. வருமான வரிக்காரர்கள் போய்விட்டார்களா என்று மைத்துனரிடம் ரகசியமாக விசாரித்திருக்கிறார்.

அடுத்தது குதிகால். காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் ஆணி ஏறியது மாதிரி வலிக்கும். பத்தடி நடந்தால் தணியும். தணிந்ததைக் குணமென்று எடுத்துக்கொண்டு ஓடப்போவார். அவர் அம்மா செங்கல்லைச் சூடுபண்ணி, எருக்கிலையைப் பரப்பி, அதன்மேல் குதிகாலை வைக்கச் சொன்னார். பிசியோதெரபிஸ்ட் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து உள்ளங்காலில் உருட்டச் சொன்னார். அண்ணாச்சி யாரையும் புண்படுத்த மாட்டார். காலையில் சூடு, மாலையில் குளிர். ஃப்ரீசரில் சீலா மீன் இருந்த இடத்தில் பாட்டில் படுத்திருக்க, அன்றைக்குக் குழம்பில் மீன் இல்லை.

பாட்டில் போதாமல் ஐஸ் குளியலுக்கு வந்தார். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போய் நொறுக்கின ஐஸ் கேட்டார்.

"எத்தன பெட்டிக்கு அண்ணாச்சி?"

"ஒரு பெட்டிக்கு."

"என்ன மீனு?"

"மீனு இல்லப்பா. என் காலுதான்."

ஐஸ்காரர் காலை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பொ நாளைக்கு வரைக்கும் தாங்கும்" என்றார்.

அது ஏப்ரல் மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று. முன்பு 45 நாள். 2017-இலிருந்து 61 நாள். பிசியோதெரபிஸ்ட்டும் அப்படித்தான். முதலில் மூன்று வாரம் என்றார். தருவை மைதானத்தை மெதுவாக நாலு சுற்று சுற்றுவது ஓட்டத்தில் சேராது என்று அண்ணாச்சி தானாகவே ஒரு விளக்கம் கண்டுபிடித்ததும் ஆறு வாரமாக்கினார். வலை பின்னிக்கொண்டிருந்த படகுக்காரர் ஒருவரிடம் அண்ணாச்சி முறையிட்டார். அவர் நிமிரவேயில்லை.

"கடலுக்கே அறுவத்தோரு நாளு லீவு வுடுதாவ. ஒங்க காலு கடலவிடப் பெருசா அண்ணாச்சி?"

அண்ணாச்சி அடங்கினார். அடங்கினார் என்றால், தினமும் காலையில் நொண்டிக்கொண்டே பூங்காவுக்கு வந்து, மற்றவர்கள் ஓடுவதில் இருக்கிற பிழைகளைத் திருத்தினார். குதிகாலை ஊன்றாதீர்கள், தோளைத் தளரவிடுங்கள், நிமிடத்துக்கு நூற்றெண்பது எட்டு வையுங்கள். எட்டுப் பேர் ஓடிய இடத்தில் மே மாதக் கடைசியில் மூன்று பேர்தான் மிச்சம். வெயில்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

கால் குணமாகி, மழை வந்து போய், ஜனவரியில் சென்னை மாராத்தானும் வந்தது. ஓடினார். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் இதுதான் கடைசி என்று கையடித்துச் சத்தியம் செய்ததாகச் சாட்சி இருக்கிறது. முடித்த கால்மணி நேரத்தில் அடுத்த ஆண்டுக்கு முன்பதிவு எப்போது தொடங்கும் என்று விசாரித்தார்.

அன்றிரவு முத்துநகர் எக்ஸ்பிரஸ். கழுத்தில் மெடல். டிக்கெட்டில் மேல் பெர்த்.

ஏணியின் முதல் படிக்குக் கால் எழும்பவில்லை. கையால் தூக்கி வைத்துப் பார்த்தார். மற்ற கால் ஒத்துழைக்கவில்லை. கீழ் பெர்த்தில் எழுபது வயது மதிக்கத்தக்க பாட்டி, கூடையில் முறுக்குடன்.

"என்னய்யா, கால்ல அடியா?"

"இல்ல ஆச்சி. மாராத்தான் ஓடினேன். நாப்பத்திரண்டு கிலோமீட்டர்... புள்ளி ஒன்று ஒன்பது ஐந்து."

"எத்தனாவதா வந்த?"

அண்ணாச்சி யோசித்தார். "நெறயப் பேரு ஓடுனாங்க ஆச்சி."

ஆச்சி மெடலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். எடையை நிதானித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சேலையை இடுப்பில் செருகினார்.

"கூடைய மட்டும் மேல எடுத்துக் குடு. நீ கீழ படுய்யா, நான் ஏறிக்கிடுதேன்."