ஆசை மறுசீரமைப்பு: சர்வதேச நாணய நிதியத்துக்கு ஒரு கடிதம்

பொருள்: இலங்கைக் குடும்பங்களின் ஆசை மறுசீரமைப்பு – நிறைவு அறிக்கை

மதிப்புக்குரிய நிதியத்தாருக்கு,

வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குத் திருப்பிச் செலுத்த இயலாது என்று இலங்கை அரசு 2022 ஏப்ரல் 12இல் அறிவித்தது. குடும்பங்களின் ஆசைகள் அதற்கு முன்பே வங்குரோத்து நிலையை எட்டியிருந்தன. அரசின் கடன் மறுசீரமைப்புக்கு லசார்ட் நிறுவனம் ஆலோசனை வழங்கியது. குடும்பங்களின் ஆசை மறுசீரமைப்பு ஆலோசகர் எவருமின்றி அடுப்படியிலேயே மூன்று கட்டங்களில் முடிந்தது.

முதற்கட்டத்தில் அன்றாட ஆசைகள் வெட்டப்பட்டன. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பால்மா எட்டாத வீடுகளில் பால் தேத்தண்ணி பிளேன்டீ ஆனது. சீனி கோப்பையை விட்டு உள்ளங்கைக்கு மாறியது. ஒரு மிடறுக்கு ஒரு நக்கு. செலவினக் கட்டுப்பாட்டுக்கு இவ்வளவு துல்லியமான அளவுகோல் நிதியத்திடமும் இருக்காது.

இரண்டாம் கட்டத்தில் தள்ளிப்போடக் கூடியவை தள்ளிப்போடப்பட்டன. மகனுக்கென்று எழுப்பிய அறை கூரையின்றி நின்றது. மகளுக்கென்று சேர்த்த நகை அடகுச் சீட்டாகி அலுமாரிக்குள் போனது. அதை மீட்பதே வீட்டின் புதிய இலட்சியமாகப் பதவியேற்றது.

மூன்றாம் கட்டம் பிள்ளைகளுடையது. 2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. "டொக்டராக வேண்டும்" என்ற ஆசை "எங்கேயாவது போய்விட வேண்டும்" என்று திருத்தப்பட்டது. உயர்தரம் படித்தவர்கள் கொரிய மொழி வகுப்பில் சேர்ந்தார்கள். அந்த ஓராண்டில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். ஆசை சிறுத்தது, அதன் முகவரியும் மாறியது.

2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாக இறங்கியது. நிதியம் பாராட்டியது. ஆனால் ஏறிய விலை ஏறிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. சம்பளம் கீழேயே நின்றது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது. வெட்டிய ஆசைகள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

ஒரு கோரிக்கை மட்டும் எஞ்சுகிறது. பன்னாட்டுப் பிணைமுறிக்காரர்கள் அசலில் 27 சதவீதம் விட்டுக்கொடுத்தார்கள். பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் அதில் ஒரு பங்கு அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. குடும்பங்களும் கடன் கொடுத்தோரே. அவர்களின் ஊழியர் சேமலாப நிதியும் 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்குள் இழுக்கப்பட்டது. அவர்கள் விட்டுக்கொடுத்த ஆசைகளின் கணக்கு எந்த அட்டவணையிலும் இல்லை. வளர்ச்சி வந்தால் அவை திரும்பும் என்ற வாசகமும் எங்கும் இல்லை. அடுத்த மீளாய்வில் அந்த ஒரு வாசகத்தைச் சேர்க்க நிதியம் ஆவன செய்யுமாறு வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
பிணைமுறி வைத்திராத கடன்கொடுத்தோர்