கப்பல் சார்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு நசரத்பேட்டையில் கப்பல் சார் லேப்டாப்பைத் திறந்தால், டல்லாஸில் அவர் மகள் வீட்டுச் சனிக்கிழமை ராத்திரி அதோடு போச்சு.

ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ரிடையர் ஆகும்வரை அவர் ஒருவருக்கும் தொந்தரவு தராத மனிதர். பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் ‘உன் குடும்பம் எங்கிருந்து வந்தது?’ என்று ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். அங்கே பிடித்தது வினை. பாட்டனாரின் பெரியப்பா ஒருவர் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பவே இல்லை என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பெயர் முனிசாமி. செங்கல்பட்டு ஜில்லாவில் முனிசாமி என்று தேடினால் கிடைக்காமலா போகும்?

சாரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. சரக்கு அத்தனை கிடக்கிறது. 1860 அக்டோபர் 12 அன்று மெட்ராஸிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16 அன்று 342 பேரை டர்பனில் இறக்கியது. அதில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸில் ஏறியவர்கள். ஆளுக்கு ஓர் எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம் என்று எழுதிவைத்த பட்டியல் இப்போது இணையத்தில் கிடைக்கிறது. ஆள் மாறிவிடக் கூடாதென்று உடம்பிலுள்ள தழும்பு, மச்சத்தையும் குறித்திருக்கிறார்கள்.

அந்தத் தழும்பில்தான் சார் விழுந்தார்.

இடது முழங்காலில் தழும்புள்ள ஒரு முனிசாமி அகப்பட்டதும் டல்லாஸுக்கு உத்தரவு பறந்தது: “கண்ணா, முட்டியைக் கேமராவில் காட்டு!” பேரனின் முட்டியில் ஸ்கேட்போர்டிலிருந்து விழுந்த காயம், பக்கு கூட உதிரவில்லை. “பார்த்தியா, பரம்பரை!” என்றார். “மாமா, தழும்பு எப்படிப் பரம்பரையா வரும்?” என்று கேட்ட மாப்பிள்ளை அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வருவதே இல்லை. பூந்தமல்லியில் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் வருவதற்குள் பங்காளி ஒருவரின் வேட்டியை முழங்கால் வரை தூக்கிப் பார்த்துவிட்டார். பிறகு தாடையில் மச்சமுள்ள முனிசாமி கிடைத்தார். சாருக்கும் தாடையில் மச்சம் இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. அம்மைத் தழும்புக்காரர் மூன்றாவது. மூவருக்கும் தகப்பன் பெயர் வேறு வேறு. அதற்காக ஒருவரையும் விட்டுவிடவில்லை, மூவரும் இப்போது குடும்ப மரத்தில் ஒரே கிளையில் தொங்குகிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். சொந்தம் இல்லாத பெயர்களையும் அவர் விரல்வைத்து வாசிப்பார். வயது இருபது, வயது பதினெட்டு, தனியாக வந்தவள் என்று படிக்கும்போது மனிதர் நிஜமாகவே தொண்டையைச் செருமிக்கொள்வார். அந்த நிமிஷத்தில் அவரிடம் கோபிக்க முடியாது.

ஆனால் கூடத்தில் அவரைவிடப் பதினைந்து வயது மூத்த அத்தை உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருக்கிறார். ரங்கூனில் பிறந்தவர். 1964-இல் பர்மாவின் நெ வின் அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கி, மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு அகதிக் கப்பலில் மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியவர். பட்டியலில் தேடவேண்டிய அவசியமில்லாத ஆள். இதுவரை அவரிடம் சார் கேட்டிருக்கும் ஒரே கேள்வி, “அத்தை, சார்ஜரைப் பார்த்தீங்களா?”

போன ஞாயிறு பேரன்தான் கேட்டான்: “பாட்டி, நீங்க கப்பல்ல என்ன சாப்பிட்டீங்க?”

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். “அதை ஏன் கேக்குற கண்ணு, கிளம்புற அன்னிக்கு எங்கம்மா...”

“ஒரு நிமிஷம் அத்தை, நகருங்க. ஸ்க்ரீன் ஷேர் போயிடுச்சு” என்றார் கப்பல் சார்.